வாக்த்ரூவை மூடி வையுங்கள்: துப்பறியும் கேம்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் ரேஸையோ கால்பந்தையோ எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆடலாம், ஒவ்வொரு தடவையும் புதுசாகத்தான் இருக்கும். துப்பறியும் கேம் அப்படியில்லை. கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டால் தெரிந்ததுதான், அப்புறம் மறக்க வழியே இல்லை. அதனால் இந்த வகைக் கேம்களில் நாம் செய்கிற தவறுகளைத் திரும்பப் போய்த் திருத்த முடியாது, அந்தக் கதை நமக்கு அதோடு போச்சு. இந்த வகையில் வந்த அருமையான கேம்கள் பலவற்றைப் பலரும் இப்படித்தான் வீணாக்கிக்கொள்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். கீழே எந்தக் கதையின் முடிவையும் உடைக்கவில்லை. ஒரே ஒரு வழக்கை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அதில் கொலைகாரன் யாரென்று கேமே ஆரம்பத்தில் காட்டிவிடும், அதனால் பயப்பட வேண்டாம்.

சிக்கிக்கொண்ட பத்தாவது நிமிடம் யூடியூபைத் திறந்து வாக்த்ரூ, அதாவது கேமை முழுக்க ஆடிக் காட்டும் வீடியோ, பார்ப்பதுதான் முதல் தவறு, இது எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் செய்கிறோம். சிக்கி நிற்பது கேமில் ஏற்பட்ட தடங்கல் இல்லை, அதுதான் கேமே. கேமை மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள், பஸ்ஸில் போகும்போதோ சாப்பிடும்போதோ 'அவன் ஏன் அந்தப் பக்கம் நின்றான்?' என்று தானாகத் தோன்றும். அப்படியும் முடியவில்லையென்றால், ஏற்கெனவே ஆடி முடித்த நண்பரிடம் எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

அடுத்தது குருட்டு ஊகம். இதைப் புரிந்துகொள்ள 2018-இல் லூகஸ் போப் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' கேமைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1807-ஆம் ஆண்டு, காணாமல் போன ஒரு வணிகக் கப்பல் இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்துக்குத் திரும்பி வருகிறது, உள்ளே உயிரோடு ஒருவரும் இல்லை. நீங்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் காப்பீட்டு விசாரணை செய்யும் அதிகாரி. கையில் ஒரு மாயக் கடிகாரம். பிணத்தின் அருகில் அதைத் திறந்தால் அந்த ஆள் சாவதற்கு முந்தைய சில நொடிகளின் சத்தம் கேட்கும், பிறகு செத்த அந்தக் கணம் அப்படியே உறைந்த காட்சியாக உங்களைச் சுற்றி நிற்கும். கப்பலில் இருந்த 60 பேரின் பெயரையும் கதியையும், கொல்லப்பட்டிருந்தால் கொன்றது யார் என்பதையும் ஒரு புத்தகத்தில் நீங்கள் நிரப்ப வேண்டும்.

மூன்று பேருடைய விவரங்கள் முழுக்கச் சரியாக இருந்தால்தான் கேம் அவற்றை உறுதி செய்யும். ஊகத்தைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு, ஆனால் நம் ஆட்கள் அதிலும் குறுக்கு வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். உறுதியாகத் தெரிந்த இரண்டு பேரை எழுதிவிட்டு, மூன்றாவது ஆளுக்கு ஒவ்வொரு பெயராக மாற்றி மாற்றிப் போட்டு, கேம் எப்போது ஒப்புக்கொள்கிறது என்று பார்ப்பது. பக்கம் நிரம்பிவிடும், ஆனால் அந்த ஆள் யார், அவன் பெயரை எதிலிருந்து கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. கழித்துப் பார்ப்பது வேறு விஷயம். இந்த நான்கு பேரில் மூன்று பேர் யாரென்று தெரியும், மிச்சமிருப்பது ஒரு பெயர்தான் என்று வருவது நியாயமான துப்பறிதல், அதில் தப்பே இல்லை.

இதே கேமில் இன்னொன்று, செத்தவனை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவது. உறைந்த காட்சிக்குள் நீங்கள் நடந்து போகலாம், அதனால் மூலையில் நிற்பவர்களைப் பாருங்கள், யார் யார் பக்கத்தில் எப்போதும் நிற்கிறார்கள், யார் என்ன உடுப்பு போட்டிருக்கிறார்கள், யார் எந்தக் கருவியைப் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆட்களின் பட்டியலில் ஒவ்வொருவரின் வேலையும் நாடும் இருக்கிறது, இந்தியாவிலிருந்து வந்த மாலுமிகள்கூட உண்டு, அதனால் பேச்சின் மொழியும் உச்சரிப்பும் தடயம்தான், ஹெட்போன் இல்லாமல் ஆடாதீர்கள். மாலுமிகள் தூங்கும் தொங்கு படுக்கைகளுக்கு மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள், இதற்கு மேல் சொல்லமாட்டேன். புத்தகத்தில் ஒருவர் முகம் மங்கலாக இருந்தால் அவரை அடையாளம் காண்பதற்கான தகவல் இன்னும் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம், அவரை விட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போங்கள். அப்புறம், வானிலை மோசமாகிறது கிளம்பலாம் என்று படகோட்டி கூப்பிடுவார். உடனே ஓடிவிடாதீர்கள். பாதிப் புத்தகத்தோடும் கிளம்ப முடியும், ஆனால் அத்தோடு விசாரணை முடிந்துவிடும்.

2022-இல் வந்த 'தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல்' கேமிலும் இதே நோய்தான். காட்சியில் கிடைக்கும் வார்த்தைகளைக் கோடிட்ட இடங்களில் போட்டு, நடந்ததைச் சொல்ல வேண்டிய கேம் இது. இரண்டு தவறோ அதற்குக் குறைவோ இருந்தால் கேம் சொல்லிவிடும், உடனே வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட ஆரம்பிப்பார்கள். அந்த அறிவிப்பு வந்ததும் கையை எடுத்துவிட்டுக் காட்சியை முதலிலிருந்து பாருங்கள், நாம் தவறவிட்டது பெரும்பாலும் யாரோ ஒருவரின் சட்டைப் பையில் இருக்கும்.

'ஏஸ் அட்டர்னி' வரிசையில் தவறு வேறு மாதிரி. 2001-இல் ஜப்பானில் தொடங்கிய நீதிமன்றக் கேம் இது, சாட்சி பொய் சொல்கிற வரியைப் பிடித்து அதற்கு எதிரான ஆதாரத்தை நீட்ட வேண்டும். பலர் சாட்சியின் முகத்தையும் பதற்றத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆதாரப் பட்டியலைத் திறந்து படிக்கவே மாட்டார்கள். முதல் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பிணத்தை மதியம் 1 மணிக்குப் பார்த்ததாகச் சாட்சி சொல்கிறான், ஆனால் பிரேதப் பரிசோதனை அறிக்கைப்படி மரணம் நடந்ததே 4 மணிக்கு மேல்தான். மடக்கியதும் டிவியில் நேரம் கேட்டேன் என்கிறான், அந்த நேரத்தில் கட்டடத்தில் கரண்டே இல்லை. கடைசியில் நேரம் சொல்லும் கடிகாரம் ஒன்று வருகிறது, அது 3 மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது, ஏன் என்பதற்கான விடை இறந்தவரின் பாஸ்போர்ட்டில் இருக்கிறது, அவர் முந்தின நாள்தான் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர். இவ்வளவும் நம் கையில் இருக்கிற காகிதங்களில் இருக்கின்றன, படித்தால் போதும். சந்தேகம் இருந்தால் ஆதாரத்தை நீட்டாதீர்கள், முதலில் ஒவ்வொரு வரியையும் குடைந்து கேளுங்கள், அதற்குப் பெரும்பாலும் தண்டனை கிடையாது, தப்பான ஆதாரத்துக்குத்தான் உண்டு.

முகத்தை வைத்தே முடிவுக்கு வரலாம் என்ற நம்பிக்கையை அதிகமாக வளர்த்தது 'எல்.ஏ. நுவார்' தான். 2011-இல் வந்த இந்தக் கேமுக்காக நடிகர்களின் முகங்களை 32 கேமராக்களால் பதிவு செய்தார்கள், அதனால் கண் உருட்டுவது, எச்சில் விழுங்குவது எல்லாம் தெரியும். விசாரணையில் ஒவ்வொரு பதிலுக்கும் 'உண்மை', 'சந்தேகம்', 'பொய்' என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சந்தேக நபர் கண்ணை உருட்டியதும் ஆட்டக்காரர் 'பொய்' பொத்தானை அழுத்திவிடுவார். அங்கேதான் சறுக்கல். 'பொய்' என்று சொன்னால் நிரூபிக்கக் கையில் ஆதாரம் இருக்க வேண்டும், இல்லையென்றால் 'சந்தேகம்' தான் சரி. அவசரப்பட்டுக் குற்றம் சாட்டிவிட்டாலும் பின்வாங்க வழி இருக்கிறது, அதற்கு முன் அந்த ஆள் கோபத்தில் என்ன பதில் சொல்கிறான் என்று கவனியுங்கள், எந்த ஆதாரத்தைக் கேட்கிறது கேம் என்பது அந்தப் பதிலிலேயே இருக்கும். 2017-இல் மறுவெளியீடு செய்தபோது இந்தத் தேர்வுகளின் பெயர்களை 'நல்ல போலீஸ்', 'கெட்ட போலீஸ்', 'குற்றம் சாட்டு' என்று மாற்றினார்கள், ஆனால் மூன்றாவதற்கு ஆதாரம் வேண்டும் என்பது மாறவில்லை. தடயம் தேடும்போது பின்னணி இசையை அணைத்துவைப்பதும் தவறு, அந்த இடத்தில் எல்லாம் கிடைத்துவிட்டது என்பதை இசை நிற்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

'ஹெர் ஸ்டோரி' (2015) ஆடுபவர்களுக்கு ஒன்றே ஒன்று. 1994-இல் ஒரு பெண்ணிடம் போலீஸ் நடத்திய விசாரணையின் வீடியோ துண்டுகளை நீங்கள் வார்த்தை போட்டுத் தேட வேண்டும், ஆனால் எத்தனை துண்டுகள் பொருந்தினாலும் முதல் ஐந்தைத்தான் பார்க்கலாம், அதுவும் கால வரிசையில். 'கணவர்', 'கொலை' மாதிரிப் பொதுவான வார்த்தைகளையே போட்டுக்கொண்டிருந்தால் ஆரம்பக்கால விசாரணையிலேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். அவர் போகிறபோக்கில் சொல்கிற ஊர்ப் பெயர், ஒரு பொருள், வழக்கமில்லாத ஒரு சொல், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

'டிஸ்கோ எலிசியம்' (2019) கேமில் நாம் செய்ய நினைக்கும் பல காரியங்கள் பலிக்குமா என்பதைப் பகடைதான் தீர்மானிக்கும். பகடை தோற்றதும், முன்பு சேமித்துவைத்த இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆடாதீர்கள். அந்தக் கேமில் தோல்விக்கென்றே தனியாக எழுதப்பட்ட காட்சிகள் இருக்கின்றன, சில இடங்களில் ஜெயிப்பதைவிடத் தோற்பதுதான் நாம் ஆடும் கதாபாத்திரத்தைப் புரியவைக்கும்.

எல்.ஏ. நுவார் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் கொலைப் பிரிவு வழக்குகள் 1947-இல் லாஸ் ஏஞ்சலஸில் நிஜமாக நடந்த கொலைகளைத் தழுவியவை, அந்த ஆண்டு ஜனவரியில் கொல்லப்பட்ட எலிசபெத் ஷார்ட்டின் வழக்கும் அவற்றுக்குப் பின்னால் நிற்கிறது. பத்திரிகைகள் 'பிளாக் டாலியா' என்று பெயர் வைத்தது அவருக்குத்தான். கேம் தன் கதைக்கு ஒரு விடை தருகிறது, அதை முடித்த கையோடு நிஜ வழக்கையே புரிந்துகொண்டதாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நிஜத்தில் அந்த வழக்கு இன்றுவரை துலங்கவில்லை. செத்துப்போனபோது அவருக்கு வயது 22.