முன்சக்கரம் இழுக்கும் டூரிங் கார்: சிம் ரேசிங்கில் டிசிஆர் ஓட்டப் பழகுவது எப்படி?

கணினியில் கார் பந்தயம் ஓட்டும் சிம் ரேசிங்கில், பின்சக்கரம் தள்ளும் ஜிடி3 பந்தயக் கார் ஓட்டிய பழக்கத்தோடு டிசிஆர் காரில் உட்காருபவர்கள் முதலில் சொல்வது, "கார் திரும்பவே மாட்டேங்குது." அரை மணி நேரம் கழித்து அவர்களே, "பின்பக்கம் திடீர்னு பிச்சுக்கிட்டுப் போகுது" என்பார்கள். இரண்டும் உண்மை. இரண்டுக்கும் காரணமும் ஒன்றுதான்.

டிசிஆர் 2015-இல் தொடங்கிய பந்தயக் கார் வகை. ஹோண்டா சிவிக், ஹூண்டாய் எலான்ட்ரா, ஆடி ஆர்எஸ்3 போன்ற சாலைக் கார்களிலிருந்து உருவானவை. 2 லிட்டர் டர்போ இன்ஜின், ஏறக்குறைய 350 குதிரைத்திறன், அத்தனையும் முன்சக்கரங்களுக்கே. இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் (இழுவிசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பாகம்) மூன்றும் முன்னால்தான் இருக்கின்றன. காரை இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவது எல்லாமே முன் டயர்களின் வேலை. பின் டயர்களோ பாரம் இல்லாமல், சூடும் ஏறாமல் கூடவே உருண்டு வருகின்றன. அதனால் முன் டயர் களைத்தால் கார் நேராகப் போகும். பின் டயர் பிடி விட்டால் கார் சுழலும்.

பழகும் இடம்

என் தேர்வு இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச், அதிலும் சிறிய இண்டி தடம். ஐரேசிங், ரேஸ்ரூம் என்ற இரண்டு சிம் கேம்களிலுமே இருக்கிறது. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒரு லேப் ஒரு நிமிடம்கூட ஆகாது. தவறு செய்த வளைவுக்கு உடனே திரும்ப வந்துவிடலாம். கேம் தரும் அடிப்படை செட்டப்பையே (ஸ்பிரிங், பிரேக், டயர் காற்று போன்றவற்றின் அமைப்பு) வைத்துக்கொள்ளுங்கள், இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம்.

முதல் இரண்டு லேப்: பின் டயரை நினைத்து ஓட்டுங்கள்

பிராண்ட்ஸ் ஹாட்ச் கடிகாரச் சுற்றில் ஓடும் தடம். முதல் வளைவான பேடக் ஹில் வலப்பக்கம், அடுத்து மேட்டின் உச்சியில் வரும் ட்ரூயிட்ஸ் கொண்டை ஊசி வளைவும் வலப்பக்கம். இரண்டிலும் பாரம் இடப்பக்க டயர்களில்தான் விழுகிறது. பிறகு இறக்கத்தில் இறங்கி கிரகாம் ஹில் வளைவில் முதல் தடவையாக இடப்பக்கம் திரும்புகிறீர்கள். அப்போது காரைத் தாங்க வேண்டியது வலப்பக்கப் பின் டயர். அதுவரை அது ஒரு வேலையும் செய்யவில்லை, ஜில்லென்று இருக்கிறது. இறக்கம் வேறு, பாரம் முழுக்க முன்னால். கூடவே லேசாகப் பிரேக்கையும் தொட்டால் கார் அப்படியே திரும்பி நின்றுவிடும்.

நான் ஓட்டிய முதல் சில பந்தயங்களில் மூன்று தடவை அதே இடத்தில், அதுவும் முதல் லேப்பிலேயே சுழன்றேன். செட்டப்தான் தப்பு என்று நினைத்து ஒரு வாரம் ஸ்பிரிங்கை மாற்றிக்கொண்டிருந்தேன். ரீப்ளேயில் டயர் வெப்பத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. இப்போதெல்லாம் அந்த வளைவுக்கு முன்பே, கார் நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தபடி நுழைகிறேன்.

பிரேக்கிலிருந்து மெதுவாக வெளியே வாருங்கள்

டயர்கள் சூடானதும் வேலை தலைகீழ். இப்போது பின்பக்கம் கொஞ்சம் நகர வேண்டும், அப்போதுதான் கார் திரும்பும். ட்ரூயிட்ஸுக்கு நேர்கோட்டில் பலமாகப் பிரேக் அடியுங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்கும்போது பிரேக்கைச் சட்டென்று விடாமல், திருப்பத் திருப்ப மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். முன்னால் பாரம் இருக்கும்வரை மூக்கு உள்ளே வரும், பின்பக்கம் லேசாகச் சுற்றிக்கொடுக்கும். இடது காலால் பிரேக் பிடிக்கப் பழகினால் இது எளிது.

ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் கேட்கவில்லையா? மேலும் திருப்பாதீர்கள். டயர் ஏற்கெனவே பிடி விட்டு வழுக்குகிறது, கூடுதல் கோணம் சூட்டைத்தான் ஏற்றும். கொஞ்சம் நேராக்கிவிட்டுக் காத்திருங்கள். ஃபோர்ஸ் ஃபீட்பேக்கில் (டயரின் எதிர்ப்பை ஸ்டீயரிங் வழியே கைக்கு உணர்த்தும் விசை) வீல் லேசாகிப்போனதுபோல் தோன்றுமே, அதுதான் எல்லை.

பின்பக்கம் போய்விட்டால்

வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் திடீரென்று எடுத்தால் பாரம் முன்னால் பாயும், பின் டயர் வழுக்கும். அந்த நொடியில் எல்லோருக்கும் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். அதைத்தான் மாற்றியாக வேண்டும். கார் வழுக்கும் பக்கமாக ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பி, ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். பாரம் பின்னால் வந்து பின் டயருக்குப் பிடி கிடைக்கும், முன்சக்கரங்கள் காரை இழுத்து நேராக்கும். பயமாகத்தான் இருக்கும். ஆளில்லாத தடத்தில் வேண்டுமென்றே இருபது தடவை வழுக்கவிட்டுப் பழகுங்கள். கால் தானாக அழுத்தும்வரை விடாதீர்கள்.

வெளியேறும்போது

ட்ரூயிட்ஸில் சீக்கிரமே முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் உள்பக்க முன்சக்கரம் சும்மா சுற்றும், கார் வெளியே தள்ளிக்கொண்டு போகும். ஏபெக்ஸை (வளைவின் உள்விளிம்பைத் தொடும் புள்ளி) கொஞ்சம் தாமதமாகத் தொட்டு, காரை முதலில் திருப்பி முடியுங்கள். பிறகு ஸ்டீயரிங்கை நேராக்கும் அளவுக்குத்தான் ஆக்சிலரேட்டரைக் கூட்ட வேண்டும்.

இனி செட்டப்

பத்து லேப் ஓட்டினால் எல்லா நேரங்களும் அரை நொடிக்குள் அடங்குகின்றனவா? அதற்குப் பிறகு செட்டப்பைத் தொடலாம். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம், ஐந்து லேப், குறிப்பு. அடிப்படை செட்டப்பின் பிரதி ஒன்றைத் தனியாகச் சேமித்துவிடுங்கள்.

முதலில் பின் ஆன்டி-ரோல் பார், அதாவது வளைவில் கார் பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பி. கார் திரும்ப மறுத்தால் அதை ஒரு படி இறுக்குங்கள். வளைவில் இடம் மாறும் பாரத்தில் கூடுதல் பங்கைப் பின்பக்கம் வாங்கிக்கொள்வதால், முன் டயர்கள் இரண்டும் வேலையைச் சமமாகப் பகிர்கின்றன. உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். இந்தக் கார்களில் அது சகஜம், பயப்பட வேண்டாம். பின்பக்கம் அடிக்கடி போனால் ஒரு படி தளர்த்துங்கள்.

அடுத்தது பிரேக் பயாஸ், அதாவது பிரேக் விசை முன், பின் சக்கரங்களுக்குப் பிரியும் விகிதம். ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். பின்னால் தள்ளினால் நுழையும்போது கார் நன்றாகச் சுற்றும், அளவு மீறினால் பின்பக்கம் போகும். முதல் லேப்பில் முன்னால் வைத்திருந்து, சூடானதும் அரை சதவீதமாகப் பின்னால் நகர்த்துவது என் பழக்கம்.

டிஃபரன்ஷியல் ப்ரீலோடை (இரண்டு முன்சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் அடிப்படை இறுக்கம்) கூட்டினால் உள்சக்கரம் வீணாகச் சுற்றாமல் இரண்டும் சேர்ந்து இழுக்கும். ஆனால் வளைவில் நுழையும்போது கார் முரண்டு பிடிக்கும். ட்ரூயிட்ஸ் நுழைவு, வெளியேற்றம் இரண்டையும் பார்த்து முடிவெடுங்கள். பின் டோ-அவுட் (பின்சக்கரங்களின் முன்விளிம்பு வெளிப்பக்கம் திரும்பியிருப்பது) காரை வேகமாகச் சுற்றவைக்கும், தொடக்கத்தில் அதன் பக்கம் போக வேண்டாம். கேம்பரும் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) அப்படியே இருக்கட்டும்.

கடைசியாக டயர் காற்று. வலப்பக்க வளைவுகள் அதிகம் என்பதால் இடது முன் டயர்தான் இங்கே அதிகம் சூடாகும், அழுத்தமும் அதில்தான் அதிகம் ஏறும். அதனால் குளிர்ந்த நிலையில் அதற்கு மற்றதைவிடக் கொஞ்சம் குறைவாக வையுங்கள். 20 லேப் நிற்காமல் ஓட்டி, நிறுத்தியதும் நான்கு டயர்களின் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இடது முன் டயர் மற்றவற்றைவிட மிகவும் சூடாக இருந்தால், செட்டப்பைத் தொடுவதற்கு முன் ட்ரூயிட்ஸுக்குள் நுழையும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, இன்னொரு 20 லேப் ஓட்டிப் பாருங்கள்.