கத்திரி வெயிலில் கேரவனில் ஊருக்கு வருகிறவர்களுக்கு

மே மாதத்தில் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையோரம் தேவிபட்டினம், உச்சிப்புளி பக்கம் சொந்தக்காரர்களைப் பார்க்க கேரவனில் வருகிறீர்களா? விடிவதற்குள் மதுரையைத் தாண்டிவிடுங்கள்.

நிழலாயிற்றே என்று சீமைக்கருவேல மரத்தடியில் வண்டியை விடாதீர்கள். உதிர்ந்து கிடக்கும் முள் டயரில் ஏறிவிடும்; சித்தப்பா வீட்டருகே எங்களுக்கு இரண்டு டயர் போனது. வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டி நிறுத்துங்கள், மதியத்துக்கு மேல் நல்ல நிழல் விழும். கண்ணாடிக்கு உள்ளே திரை போடுவதைவிட, வெளிப்பக்கம் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். வெயில் கண்ணாடியில் படும் முன்பே தடுத்துவிடும்.

அப்புறம், தண்ணீர். இந்தக் கரையோரம் பல ஊர்களில் கிணறு உப்புக்கரிக்கும்; குடிநீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அத்தை வீட்டுக் குடத்தைக் காலி செய்யாமல், ராமநாதபுரத்திலேயே இரண்டு கேன் ஏற்றிக்கொள்ளுங்கள்.