வீட்டுக்குள் விளக்கொளியில் மிளகாய் வளர்ப்பு: முதன்முறை முயல்வோருக்கு

வெயில் படும் மாடியோ தோட்டமோ இல்லாத ஒருவர், அறையின் ஒரு மூலையில் விளக்கைத் தொங்கவிட்டு, விதை போட்டதிலிருந்து காய் பறிக்கும் வரை ஒரு செடியைத் தாமே வளர்த்துப் பார்க்க விரும்பினால், அவருக்கு நான் மிளகாயைத்தான் பரிந்துரைப்பேன். கீரையைவிட இதற்குப் பொறுமை அதிகம் வேண்டும். தக்காளியைவிடக் குறைந்த இடம் போதும். தன் மகரந்தத்தாலேயே தான் கருவுற்றுக் காய்க்கும் செடி இது. பகலின் நீளத்தைப் பொறுத்துப் பூக்கும் இயல்பு இதற்கு இல்லை என்பதால், பூக்க வைப்பதற்காக விளக்கு எரியும் நேரத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. அக்கறையோடு பார்த்துக்கொண்டால் ஒரே செடி சில ஆண்டுகள் வரை காய்க்கும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் எந்த மண், எந்த உரம் என்றுதான் கேட்கிறார்கள். ஒளி எவ்வளவு என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. செடிக்கு எவ்வளவு ஒளி கிடைக்கிறதோ அதற்கேற்பத்தான் அது நீரை உறிஞ்சும். அதற்கேற்பத்தான் உரத்தையும் எடுத்துக்கொள்ளும். ஒளி குறைந்த இடத்தில் செடி வாடி நிற்பதைப் பார்த்துவிட்டுத் தண்ணீரையும் உரத்தையும் கூட்டினால், பயன்படாத நீர் தொட்டியில் தேங்கி வேர் அழுகும், பயன்படாத உப்பு சேர்ந்து இலையின் நுனி கருகும். வீட்டுக்குள் செத்துப்போகும் செடிகளில் பல இந்த அன்பினால்தான் சாகின்றன.

இந்த விஷயத்தில் நம் கண் நம்பத்தகுந்த சாட்சி அல்ல. நன்றாக வெளிச்சம் இருப்பதாக நமக்குத் தோன்றும் அறையில் 300 முதல் 500 லக்ஸ் ஒளிதான் இருக்கும். உச்சி வெயிலில் அது 1,00,000 லக்ஸ் அளவுக்குப் போகும். வெளிச்சத்துக்கேற்பக் கண் தன்னைச் சரிசெய்துகொண்டு இந்த வேறுபாட்டை நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது. என் முதல் நாற்றுகளை நான் சன்னலோரத்தில்தான் வைத்தேன். ஒரே வாரத்தில் அவை தையல் நூல் போன்ற தண்டோடு விரல் நீளத்துக்கு உயர்ந்து, உச்சியில் இரண்டே விதையிலைகளைச் சுமந்துகொண்டு கண்ணாடிப் பக்கமாகச் சாய்ந்து நின்றன. வேகமாக வளர்கின்றன என்று மகிழ்ந்துபோனேன். மறுமுறை நீர் ஊற்றியபோது அத்தனையும் மண்ணோடு மண்ணாகப் படிந்தன, ஒன்றுகூட எழவில்லை. அது வளர்ச்சி அல்ல, ஒளியைத் தேடிய தவிப்பு என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

செடி பயன்படுத்தும் ஒளியை மைக்ரோமோல் என்னும் அலகில் கணக்கிடுவார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு விநாடிக்கு விழும் ஒளித்துகள்களின் எண்ணிக்கையைக் குறிப்பது அது. நாற்றுக்கு 150 முதல் 250, வளரும் செடிக்கு 300 அளவில், பூத்துக் காய்க்கும் செடிக்கு 400 முதல் 500 என்று வைத்துக்கொண்டால் போதுமானது. இதை அளக்கும் கருவி விலை கூடியது. ஆனால் கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்று இருந்தால், வெள்ளை எல்இடி விளக்கைப் பொறுத்தவரை லக்ஸ் எண்ணை 70-ஆல் வகுத்தால் ஏறத்தாழ மைக்ரோமோல் கிடைக்கும். அதாவது இலைமட்டத்தில் 21,000 லக்ஸ் காட்டினால் அது 300 மைக்ரோமோல். கைபேசிக்குக் கைபேசி அளவு மாறும் என்றாலும், தொட்டியின் நடுவிலும் ஓரத்திலும் ஒளி எப்படி வேறுபடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது நன்றாக உதவும்.

விளக்கு வாங்கும்போது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 1000 வாட் போன்ற எண்ணைப் பார்க்க வேண்டாம். அது பெரும்பாலும் பழைய வகை விளக்குக்கு ஈடு என்ற பொருளில் போடப்படுவது. உண்மையில் எத்தனை வாட் மின்சாரம் இழுக்கிறது, ஒரு வாட்டுக்கு எத்தனை மைக்ரோமோல் தருகிறது என்ற இரண்டையும் மட்டும் தேடிப் பாருங்கள். இரண்டாவது எண் 2.5 அளவில் இருந்தால் அது நல்ல விளக்கு. நீளமும் அகலமும் 60 சென்டிமீட்டர் உள்ள இடத்துக்கு, அப்படிப்பட்ட விளக்கில் 60 வாட் இழுப்பது ஒன்று இருந்தால், சிதறும் ஒளி போக 300 மைக்ரோமோலுக்குச் சற்று மேலாகவே செடிக்குக் கிடைக்கும். 100 வாட் இருந்தால் காய்க்கும் பருவத்துக்கும் குறைவு வராது. 60 வாட் விளக்கு நாளொன்றுக்கு 16 மணி நேரம் எரிந்தால் ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். ஊதா ஒளி வீசும் விளக்குகளைவிட வெள்ளை ஒளி விளக்கையே நான் விரும்புகிறேன். ஊதா ஒளியிலும் செடி வளரும்தான்; ஆனால் இலை வெளிறுகிறதா, மஞ்சளாகிறதா என்பது அந்த ஒளியில் நமக்குத் தெரியாது. நோயைக் காட்டாத விளக்கின் கீழ் புதியவர் செடி வளர்ப்பது கடினம்.

விளக்கை ஒரு டைமரில் இணைத்து 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்டு, மீதி நேரம் இருட்டாக விடுங்கள். நாள் முழுவதும் எரியவிட்டால் இரட்டிப்பாகக் காய்க்கும் என்பது வெறும் நம்பிக்கை. நாற்றுப் பருவத்தில் விளக்கைச் சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டுத் தொடங்கலாம். அதன்பின் செடியே சொல்லும். கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போனால் விளக்கை இறக்க வேண்டும். மேலிலைகள் வெளிறி, விளிம்பு மேல்நோக்கி மடிந்தால் ஏற்ற வேண்டும். புறங்கையை இலைமட்டத்தில் அரை நிமிடம் வைத்துச் சூடு பார்ப்பது நல்ல வழக்கம்தான், ஆனால் எல்இடி விளக்கு சூடே தெரியாமலும் இலையை வெளுக்கச் செய்யும் என்பதால் அந்தச் சோதனையோடு நின்றுவிடக் கூடாது.

விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, ஈரம் காயாதபடி மூடி, 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால், சாதாரண மிளகாய் வகைகள் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்தில் முளைக்கும். ஹபனெரோ போன்ற கடுங்கார வகைகள் மூன்று, நான்கு வாரம்கூட எடுத்துக்கொள்ளும். பொறுமையிழந்து தோண்டிப் பார்க்க வேண்டாம். அறை 20 டிகிரிக்குக் கீழே போனால் முளைப்பு மிகவும் தாமதமாகும். முளை வெளிவரும்போது தண்டு கொக்கிபோல் வளைந்து எழும்; அந்தக் கொக்கி கண்ணில் பட்ட அன்றே மூடியை எடுத்துவிட்டு விளக்கைப் போட வேண்டும். சில நேரங்களில் விதைத்தோல் தொப்பிபோல் விதையிலைகளின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்தால் இலையும் சேர்ந்து வந்துவிடும். ஒரு சொட்டு நீரை அதன்மேல் விட்டு, ஒரு மணி நேரம் ஊறவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தானே நழுவும்.

தோட்டத்து மண்ணை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். தொட்டியில் அது இறுகிப்போய் வேருக்குக் காற்று கிடைக்காது. பூச்சியின் முட்டையும் கூடவே வரும். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, பெர்லைட் என்னும் எடை குறைந்த வெண்ணிறக் கல்துகள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு என்ற கலவை எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கிறது. நார்க்கழிவை உப்பு போகும்வரை நன்றாக அலசியே பயன்படுத்த வேண்டும். முதலில் சிறு கோப்பை, பிறகு ஒரு லிட்டர் தொட்டி, கடைசியில் 8 முதல் 10 லிட்டர் தொட்டி என்று படிப்படியாக மாற்றுவது நல்லது. சிறு நாற்றைப் பெரிய தொட்டியில் நட்டால், அதன் வேர் குடிக்காத நீர் நாள்கணக்கில் தேங்கும். தொட்டியின் அடியில் துளைகள் கட்டாயம் வேண்டும். அடியில் கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் கலவையும் கல்லும் சந்திக்கும் இடத்துக்கு மேலேயே நீர் தங்கிவிடும், வேருக்கு உரிய இடம்தான் குறையும்.

நீர் ஊற்றுவதற்குக் கிழமை வைத்துக்கொள்ளக் கூடாது. தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நிறைய நீர் ஊற்றி வடிந்த பிறகு ஒருமுறை தூக்கி அந்த எடையைக் கையில் பழக்கிக்கொள்ளுங்கள். பிறகு நாள்தோறும் தூக்கிப் பாருங்கள். வெறும் தொட்டியைத் தூக்குவது போல் இலேசாகத் தெரியும் அன்று, அடித்துளை வழியே கொஞ்சம் வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். இலை தொங்கினால் உடனே தண்ணீர்ச் செம்பைத் தேடாதீர்கள்: காய்ந்த செடியும் தொங்கும், நீர் மிகுந்து வேர் மூச்சுத் திணறும் செடியும் தொங்கும். தொட்டி கனமாக இருக்கும்போது இலை தொங்கினால் அதற்கு வேண்டியது தண்ணீர் அல்ல, காற்று.

விதையிலைகளுக்குப் பின் வரும் உண்மை இலைகள் இரண்டு இணை வரும்வரை உரம் வேண்டாம். அதன்பின் நீரில் கரையும் உரத்தைக் குறிப்பிட்ட அளவில் கால் பங்கோடு தொடங்கி மெல்லக் கூட்டலாம். கரைசலின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.8 முதல் 6.5-க்குள் இருக்கட்டும். நார்க்கழிவு கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆர்ஓ நீரிலோ இவை இரண்டும் அநேகமாக இருக்காது. எனவே நார்க்கழிவையும் ஆர்ஓ நீரையும் சேர்த்துப் பயன்படுத்துபவர்கள் கால்சியம், மெக்னீசியம் கலந்த ஊட்டத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இலை கரும்பச்சையாகத் தழைத்தும் பூ வரவில்லை என்றால் தழைச்சத்து மிகுந்துவிட்டது என்று பொருள். காயின் அடிநுனி கறுத்து அழுகினால் பலரும் கால்சியத்தைக் கொட்டுகிறார்கள்; பல நேரங்களில் உண்மையான காரணம், ஒரு நாள் காயவிட்டு மறுநாள் மூழ்கடிக்கும் சீரற்ற நீர்ப்பாசனம்தான்.

காற்றுக்கு ஒரு சிறு மின்விசிறி போதும். இலைகள் இலேசாக நடுங்கும் அளவுக்கு வீசட்டும். அந்த அசைவினால் தண்டு வலுப்பெறும், இலைமேல் ஈரம் தங்காது, நாற்றழுகலும் குறையும். பகலில் 21 முதல் 28 டிகிரி, இரவில் 16 முதல் 20 டிகிரி மிளகாய்க்கு உகந்தது. பகல் வெப்பம் 32-ஐத் தாண்டினாலோ இரவு மிகவும் புழுங்கினாலோ பூக்கள் காம்போடு உதிரும். வெப்பம் மிகுந்த நாட்களில் விளக்கை இரவிலும் இருட்டைப் பகலிலும் வைத்துக்கொள்வது ஒரு வழி. அறைக்குள் வளரும் செடிக்கு இரவு எது என்பதை டைமர்தான் முடிவு செய்கிறது. மின்சாரத்தைப் பொறுத்தவரை, இணைப்புப் பலகையைத் தரையில் போடாமல் சுவரில் உயரமாகப் பொருத்துங்கள். வழியும் நீர் மின்வடம் வழியாக ஓடி இணைப்பை அடையாதபடி, வடம் ஓரிடத்தில் தாழ்ந்து தொங்கி மேலேறுமாறு அமையுங்கள்.

ஆறு முதல் எட்டு இலைகள் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் செடி படர்ந்து, விளக்கின் ஒளியைப் பரவலாக வாங்கும். பூக்கத் தொடங்கியதும் தேனீயின் வேலை நம்முடையதாகிறது. அன்று மலர்ந்த பூவை உற்றுப் பாருங்கள்: நடுவில் நீலமும் ஊதாவும் கலந்த மகரந்தப்பைகள் முதலில் மூடியிருக்கும், சில மணி நேரத்தில் அவை நீளவாக்கில் வெடித்து, ஓரத்தில் மாவு பூசியதுபோல் மகரந்தத்தூள் தெரியும். அப்போது பூக்காம்பை விரல் நுனியால் மெல்லச் சுண்டினாலோ, மென்மையான தூரிகையால் பூவின் நடுவே ஒருமுறை வருடினாலோ போதும். சில நாட்களில் இதழ் வாடி, காம்பு தடித்து வளைந்தால் காய் பிடித்துவிட்டது. காம்பு மஞ்சளானால் அந்தப் பூ விழுந்துவிடும்.

வீட்டுக்குள் பூச்சிகளை உண்ணும் பூச்சிகள் இல்லை. அதனால் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி ஒன்று நுழைந்தாலும் விரைவில் குடும்பமாகிவிடும். வாரம் இருமுறை இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அசுவினிக்கு இலேசான சோப்புக் கரைசலை விளக்கு அணைந்த நேரத்தில் தெளித்து, பிறகு நீரால் கழுவிவிடலாம். தொட்டிமேல் பறக்கும் சிறு கறுப்பு ஈக்கள் ஈரம் மிகுந்துவிட்டதற்கு அடையாளம். மேற்பரப்பைக் காயவிட்டு, மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தால் குறையும். செடியின் சாற்றை உறிஞ்சும், கண்ணுக்கே தெரியாத நுண்ணிய சிலந்தி வகையான முரணைச் சிலந்திதான் என்னை மிகவும் கலங்க வைத்தது. குருத்திலைகள் சுருண்டு, குறுகி, கடினமாகும்போது அதைச் சத்துக்குறைவு என்று எண்ணி நான் உரம் கூட்டினேன். மூன்று வாரம் வீணாயிற்று. பழைய இலைகள் நன்றாக இருந்து, குருத்து மட்டும் கோணினால், அந்தச் செடியை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, குருத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பூச்சிக்கான வழியைப் பாருங்கள்.

காயைக் கையால் பிடுங்கினால் கிளை ஒடியும். கத்தரியால் காம்போடு வெட்டுங்கள். பச்சையாகப் பறிக்கப் பறிக்கப் புதுப் பூக்கள் வரும். பழுக்கவிட்டால் அடுத்த பூ சற்றுத் தாமதமாகும். காய்ப்பு ஓய்ந்ததும் கிளைகளை ஒரு சாண் அளவுக்கு வெட்டிவிட்டு, புதுத் துளிர் எழும் இரண்டு மூன்று வாரம் வரை நீரைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்துவிடுங்கள். ஒளியை வாங்க இலை இல்லாத செடி, ஊற்றிய நீரைக் குடிக்காது.