கரவன் பிறிட்ஜ் கூலாகேல்லையோ, முதுகைத் திறந்து பாருங்கோ

எங்கட அத்தான் சுவிஸில இருந்து வந்து கிளிநொச்சியில ஒரு பழைய டொல்பின் வானை கேம்பர் வானா மாத்தி வைச்சிருக்கிறார், லீவுக்கு வாற வெளிநாட்டுச் சனத்துக்கு வாடகைக்கு விடலாம் எண்டு. கட்டில், சின்னக் குசினி, மேல சோலர் எல்லாம் வடிவா இருக்கு, ஆனா அதுக்குள்ள பூட்டின கரவன் பிறிட்ஜ் மட்டும் முதல் நாளில இருந்தே மக்கர். மடு ஆவணித் திருவிழாவுக்குக் கொண்டுபோய் ரெண்டாம் நாள் திறந்து பாத்தா பால் திரைஞ்சு கிடக்கு, பட்டர் எண்ணையா ஓடுது, உள்ள வைச்ச தேர்மோமீட்டர் 17 காட்டுது. உடன எனக்கு கோல் எடுத்து, "தம்பி, இதுக்கு காஸ் அடிக்கோணும் போல கிடக்கு, ஒரு ஆளைப் பிடி" எண்டார். அத்தான் உதுக்கு காஸ் அடிக்க ஏலாது, ஆரையும் கிட்ட விடாதேங்கோ, வரேக்க முறிகண்டியில நிப்பாட்டுங்கோ நான் வாறன் எண்டு சொன்னன்.

முதல்ல இதை விளங்கிக்கொள்ளுங்கோ, இல்லாட்டி மிச்சம் ஒண்டும் பிடிபடாது. கரவனில வாற கனக்க பிறிட்ஜுக்குள்ள வீட்டு பிறிட்ஜ் மாதிரி கொம்பிரசர் கிடையாது, சத்தமும் இல்லை, ஓடுற சாமான் ஒண்டுமே இல்லை. பின்னால இரும்புக் குழாய்க்குள்ள அமோனியா, தண்ணி, ஹைட்ரஜன் மூண்டையும் பிரஷரில அடைச்சு ஒட்டி விட்டிருக்கும். கீழ ஒரு சின்ன காஸ் நெருப்பு இல்லாட்டி ஹீற்றர் (வீட்டுக் கரண்டிலயோ வானின்ர 12 வோல்ட்டிலயோ ஓடுறது) சூடாக்க அமோனியா ஆவியாகி மேல ஏறும், மேல இருக்கிற தகட்டுச் செட்டையில சூட்டை விட்டுட்டுத் தண்ணி மாதிரி ஆகும், பிறகு உள்ள போய் திரும்ப ஆவியாகேக்க பெட்டிக்குள்ள இருக்கிற சூட்டை இழுத்துக்கொண்டு போகும். 1922ல சுவீடனில ரெண்டு மாணவர் கண்டுபிடிச்ச விஷயம், பிளாற்றன், முன்ரேர்ஸ் எண்டு பேர். கரண்ட் இல்லாத காலத்தில மண்ணெண்ணை பிறிட்ஜ் பாத்தவைக்கு இது புதுசில்லை, அதே சாமான்தான், திரிக்குப் பதிலா காஸ் அடுப்பு.

அப்ப இந்தப் பெட்டி உள்ளுக்க இருக்கிற சூட்டைப் பின்னால கொண்டுபோய்க் கொட்டுது, அவ்வளவுதான். பின்னால கொட்ட இடம் இல்லாட்டி உள்ள குளிர் வராது. சனம் எல்லாம் முன்கதவைத் திறந்து நொப்பை 5ல வைச்சுப்போட்டுக் காத்திருக்குது, பிரச்சினை நிக்கிறது முதுகுப் பக்கம்.

இன்னொண்டு, உள்ள ஒட்டியிருக்கிற லேபிளில SN, N, ST, T எண்டு ஒரு எழுத்து இருக்கும், பாருங்கோ. SN, N எண்டா வெளிச்சூடு 32 பாகை மட்டும், ST எண்டா 38, T எண்டா 43 மட்டும் தாக்குப் பிடிக்கும் எண்டு அர்த்தம். ஐரோப்பாவில இருந்து வாற பழைய பிறிட்ஜ் கனக்க N இல்லாட்டி SN தான், எங்கட பக்கம் சோளகம் அடிக்கிற மாதங்களில மத்தியானம் 35ஐத் தாண்டும், அடைச்ச வானுக்குள்ள அதுக்கும் மேல. அத்தான்ர பிறிட்ஜ் N. அதுக்காக எறியத் தேவையில்லை, ஆனா அதுக்கு நாங்கள் கை குடுக்கோணும்.

முறிகண்டியில பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சு கச்சானும் வாங்கிக்கொண்டு வானைக் கொஞ்சம் தள்ளி மரத்துக்குக் கீழ விட்டம். ஓடி வரேக்க பிறிட்ஜ் 12 வோல்ட்டில சூடாகித்தான் இருந்தது, காஸ் சிலிண்டரைப் பூட்டிப்போட்டு (இதை மறக்கவே கூடாது) கோயிலில வாங்கின ஊதுபத்தியில ஒண்டைக் கொளுத்தி வெளிப்பக்கம் கீழ் வென்ற்றுக்கு (பிறிட்ஜின்ர முதுகுக்குக் காத்துப் போற கிறில் ஓட்டை) கிட்டப் பிடிச்சன். நல்ல பிறிட்ஜ் எண்டா புகை உள்ளுக்க உறிஞ்சுப்பட்டு மேல் வென்ற்றால வெளிய வரோணும். எங்கட புகை வாசலில நிண்டு நெளிஞ்சு என்ர மூஞ்சைக்கே திரும்பி வந்தது. கிறில்லைக் கழட்டி மேல கையை விட்டா செட்டைத் தகட்டில ஒரு செக்கன் கூட கை வைக்க ஏலாது, அந்தச் சூடு.

என்ன நடந்திருக்கு எண்டா, பூட்டின ஆள் தச்சு வேலையில நல்ல கெட்டிக்காரன்தான், ஆனா ஜன்னல் பிரேம் இடிக்குது எண்டு மேல் வென்ற்றை ஒரு அடி கீழ இறக்கி வெட்டிப்போட்டான். செட்டை மேல, வென்ற் கீழ. சூட்டுக் காத்து மேல ஏறி பிளைவூட்டில முட்டி அங்கயே தேங்கி நிக்குது. மேல் வென்ற் எப்பவும் அந்தச் செட்டையின்ர மேல் விளிம்புக்குச் சமனா இல்லாட்டி அதுக்கும் மேல இருக்கோணும், கீழ் வென்ற் பிறிட்ஜின்ர அடித்தளத்துக்குச் சமனா இல்லாட்டி அதுக்கும் கீழ. நாங்கள் கிளிநொச்சிக்கு வந்து மேல இன்னொரு ஓட்டை வெட்டிக் கிறில் போட்டம், பழைய ஓட்டையைத் தகடு வைச்சு அடைச்சம். அதை அடைக்காமல் விட்டா கீழால வாற காத்து பாதி வழியில வெளிய போயிடும்.

ஓட்டை சரியா இருந்தாலும் வேலை முடியாது. பிறிட்ஜின்ர முதுகுக்கும் வானின்ர சுவருக்கும் நடுவில கனக்க இடைவெளி இருந்தா காத்து சோம்பேறித்தனமா செட்டையைத் தொடாமல் சுவர்ப் பக்கத்தால போயிடும். செட்டைக்கும் சுவருக்கும் இடையில ஒரு அங்குலம் போதும், அதுக்கு மேல இருந்தா ஒரு அலுமினியத் தகட்டைச் சரிவா வளைச்சு, கீழால வாற காத்தை செட்டைக்குள்ளால போகப் பண்ணோணும். மேல் பக்கமும் அப்பிடித்தான், பிறிட்ஜுக்கு மேல இருக்கிற வெற்றிடத்தைத் தகட்டால சரிச்சு வென்ற்றுக்கு வழி காட்டி விடுங்கோ. ரெண்டு பக்க இடைவெளியையும் அடையுங்கோ, இல்லாட்டி சூடு குசினிக்குள்ள வந்து திரும்ப பிறிட்ஜையே சூடாக்கும். றெஜிபோம் மாதிரிப் பத்துற சாமானை இதுக்குப் பாவிக்க வேண்டாம், அடுப்பு, புகைக்குழாய்க்குக் கிட்ட அதை வைக்கவே கூடாது, உருகிப் பத்தும், அங்க ரொக்வூல் (நெருப்புப் பத்தாத கல்லுப் பஞ்சு) மட்டும். கிறில்லுக்குப் பின்னால நுளம்பு வலை அடிச்சிருந்தா கழட்டி எறியுங்கோ, பொடிக் கண் வலை காத்தை நல்லாக் குறைக்கும், கிரவல் றோட்டுப் புழுதி ரெண்டு கிழமையில மிச்சத்தையும் அடைச்சுப்போடும். பல்லி, எலி போகாத அளவுக்குப் பெரிய கண் வலை போதும்.

இனி ஃபான். பழைய கொம்பியூட்டரில இருக்கிற 12 வோல்ட் 120 மில்லிமீற்றர் ஃபான் ரெண்டு எடுங்கோ, போல் பெயரிங் போட்டதாப் பாத்து எடுங்கோ, சாதாரணமானது அந்தச் சூட்டில கெதியா இறுகிப்போகும். செட்டைக்குக் கொஞ்சம் கீழ வைச்சு மேல் நோக்கி ஊதப் பண்ணுங்கோ, இல்லாட்டி மேல் வென்ற்றில வைச்சு வெளிய இழுக்கப் பண்ணுங்கோ. அடியில அடுப்புக்குக் கிட்ட வைச்சா நெருப்பை ஊதி அணைச்சுப்போடும், அங்க வேண்டாம். 45 பாகையில ஒன் ஆகிற வட்டத் தேர்மல் சுவிச் ஒண்டை செட்டையோட கட்டி விட்டா தேவையான நேரம் மட்டும் ஓடும், வாங்கேக்க சூட்டில சர்க்கியூட்டை மூடுற (ஃபானை ஓட விடுற) வகையோ திறக்கிற (நிப்பாட்டுற) வகையோ எண்டு கேட்டு வாங்குங்கோ, எனக்கு முதல் ஒண்டு மாறி வந்து பிறிட்ஜ் குளிரா இருக்கேக்க ஃபான் ஓடிச்சுது, சூடாக நிண்டுட்டுது. ஒரு ஃபான் 0.2 அம்பியர் எண்டு வைச்சாலும் முழு நாளைக்கு 5 அம்பியர்-அவர்தான், பற்றறிக்கு அது ஒண்டுமில்லை. லைனில ஒரு சின்ன ஃபியூஸ் போடுங்கோ.

அடுத்தது சூடு குடுக்கிற பக்கம். கன பேர் இதைக் கவனிக்கிறேல்லை. ஹீற்றருக்கு வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைஞ்சாலும் சூடு வர்க்கக் கணக்கில விழும். 230 வோல்ட்டில 125 வாற்ஸ் எடுக்கிற ஹீற்றர் 190 வோல்ட்டில 85 வாற்ஸ் தான் எடுக்கும். எங்கட ஒழுங்கைக் கடைசி வீட்டில பின்னேரம் எல்லாரும் மோட்டர் போடேக்க நான் அளந்தது 190 தான், அப்ப அத்தான் இரவிரவா வயர் இழுத்து குளிராக்கினது மூண்டில ரெண்டு பங்கு பலத்தில. அப்பிடியான இடத்தில கரண்டை விட்டுட்டு காஸில ஓட்டுங்கோ.

12 வோல்ட் இன்னும் மோசம். 120 வாற்ஸ் எண்டா 10 அம்பியர். முன் பற்றறியில இருந்து பின்னுக்கு 6 மீற்றர், போக வர 12 மீற்றர், 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டிருந்தா வயரிலயே 1.4 வோல்ட் போயிடும், அங்கயும் 100க்கு 22 பங்கு சூடு காலி. 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் இழுத்தா இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. ஏர்த்தை வானின்ர பொடியில (இரும்பு உடம்பில) கொடுக்காமல் தனி வயர் இழுங்கோ, துருப் பிடிச்ச பொடியை நம்ப ஏலாது. மற்றது 12 வோல்ட் எண்டது ஓடேக்க குளிரைப் பிடிச்சு வைக்கத்தான், சூடான பிறிட்ஜை அதில குளிராக்க வெளிக்கிட வேண்டாம். எஞ்சின் நிண்டா கட் ஆகிற மாதிரி ஒரு றிலே போடாட்டி, விடிய வான் ஸ்ராட் ஆகாது.

காஸ் பக்கம் எங்கட ஊரில முதல் எதிரி குளவி. ரெண்டு மாதம் வான் சும்மா நிண்டா அடுப்புக் குழாய்க்குள்ள மண்கூடு கட்டிப்போடும், சிலந்தியும் வலை போடும். அத்தான்ர அடுப்பைக் கழட்டேக்க காத்து போற துளையில கடலை அளவில காஞ்ச மண் உருண்டை, உடைச்சா உள்ள பச்சைப் புழு. நெருப்பு நீலமா, நேரா, ஒரு சீறல் சத்தத்தோட எரியோணும், மஞ்சளா ஆடினா காத்துக் காணாது. காஸ் வாற ஜெற் ஓட்டைக்குள்ள ஊசி, கம்பி ஒண்டும் விட வேண்டாம், ஓட்டை பெருத்தா சரி வராது, மெதிலேற்றட் ஸ்பிரிட்டில ஊறப் போட்டு எடுத்து ஊதி விடுங்கோ. மேல புகைக்குழாய்க்குள்ள ஒரு முறுக்கின தகடு கம்பியில தொங்கும், அதை எடுத்துக் கரியைத் தட்டிப்போட்டு அதே உயரத்தில திரும்பத் தொங்க விடுங்கோ. எல்லாம் பூட்டினாப்பிறகு சவர்க்காரத் தண்ணி பூசி குமிழி வருதோ எண்டு பாருங்கோ. காஸ் வேலை பழக்கம் இல்லாதவை இந்தப் பந்தியை மட்டும் ஒரு தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்கோ.

வான் சரிஞ்சு நிண்டாலும் கூலாகாது. உள்ள எல்லாம் தன் பாட்டில வழிஞ்சு ஓடுற தண்ணிதானே, சரிஞ்சா ஒரு மூலையில தேங்கும், அப்பிடியே கனநேரம் சூடாக்கினா உள்ள துருப் பிடிக்காமல் போட்ட உப்பு கட்டியாகிக் குழாயையே அடைச்சுப்போடும், அதுக்கு வைத்தியம் இல்லை. ரசமட்டத்தை வானின்ர நிலத்தில வைக்காமல் பிறிஸருக்குள்ள வைச்சுப் பாருங்கோ, ரயருக்குக் கீழ பலகையோ பனஞ்சிலாகைத் துண்டோ குடுத்து மட்டம் எடுங்கோ. ஓடேக்க ஆடுறதால பிரச்சினை இல்லை, நிக்கேக்கதான் கவனம். நிப்பாட்டேக்க பிறிட்ஜ் பக்கம் மேற்கு வெயிலுக்குக் காட்ட வேண்டாம், சோளகக் காத்து நேரா வென்ற்றுக்குள்ள அடிக்கவும் விட வேண்டாம்.

உள்பக்கம் பெரிசாச் சொல்ல இல்லை. கதவு ரப்பருக்குள்ள ஒரு கடதாசியை வைச்சு மூடி இழுத்துப் பாருங்கோ, சும்மா வந்தா ரப்பர் பழுதாப் போட்டுது. ஐஸ் கட்டினா உருக்கி விடுங்கோ. வெளிக்கிட முதல் நாளே போட்டு வெறும் பெட்டியைக் குளிராக்கி, வீட்டு பிறிட்ஜில குளிராக்கின சாமானை மாத்தி வையுங்கோ, சூடான சோடாப் போத்தில் பன்னிரண்டை ஒண்டா அடுக்கினா அண்டைக்கு அதோட சரி. உள்ள இருக்கிற செட்டையை மறைக்க வேண்டாம், எங்கட அக்கா எருமைத் தயிர்ச் சட்டி ரெண்டைக் கொண்டுவந்து சரியா அதுக்கு முன்னால முட்டுக் குடுத்து வைச்சிருந்தா. முல்லைத்தீவில மீன் வாங்கினா அது றெஜிபோம் பெட்டியில ஐஸோட வரட்டும்.

தேர்மோமீட்டரை ஒரு கிளாஸ் தண்ணிக்குள்ள வைச்சு விடியப்பறம் பாருங்கோ, வெறும் காத்தில வைச்சா கதவு திறக்கிற நேரமெல்லாம் துள்ளும். இவ்வளவும் செய்தாப்பிறகு அத்தான்ர பிறிட்ஜ் விடிய 4, மத்தியானம் 7 காட்டுது. 5க்குக் கீழ நிண்டாத்தான் பாலுக்கும் இறைச்சிக்கும் நல்லம், அதால மத்தியானத்தில இறைச்சி வைக்க வேண்டாம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.

எல்லாம் சரியா இருந்தும் அடுப்புப் பக்கம் கொதிக்குது, உள்ள மட்டும் குளிரே இல்லை, பின்னால குழாயில மஞ்சள் தூள் படிஞ்சிருக்கு, மூக்கில அமோனியா குத்துது எண்டா பின்னால இருக்கிற குழாய் யூனிற் ஓட்டை. நிப்பாட்டிப்போட்டு ஜன்னலைத் திறவுங்கோ, ஓட்டை துளைக்கவோ வெல்டிங் அடிக்கவோ ஆரையும் விட வேண்டாம், உள்ள பிரஷரும் ஹைட்ரஜனும் இருக்கு. மணமும் இல்லை, மஞ்சளும் இல்லை எண்டா பழைய ஆக்கள் மண்ணெண்ணை பிறிட்ஜுக்குச் செய்த மாதிரி கழட்டித் தலைகீழா வைச்சு, பிறகு நிமித்தி ஒரு நாள் ஆற விட்டுப் போட்டுப் பாக்கலாம், சிலது உயிர் வரும். வராட்டி அதே காசுக்கு இன்னொரு பழைய யூனிற் தேடாதேங்கோ, எங்கட வெயிலுக்கு 12 வோல்ட் கொம்பிரசர் பிறிட்ஜ்தான் சரி, மேல சோலர் இருந்தா அது பாட்டுக்கு ஓடும், சரிவும் அதுக்கு பெரிசாப் பிரச்சினை இல்லை. அத்தானுக்கும் அதைத்தான் சொன்னன், அவர் இன்னும் சுவிஸ் பிராங்கில கணக்குப் பாத்துக்கொண்டு இருக்கிறார்.