‘ஓகே சேர்’ எண்டு மட்டும் சொல்லுற டீமோட வேலை செய்யிறது எப்பிடி

நான் எம்பிஏ ஒண்டும் படிக்கேல்ல. கொழும்பில ஒரு கணக்கு ஒஃபிஸ்ல 14 பேர் இருக்கிற டீம் ஒண்டப் பார்க்கிறன், இங்கிலாந்தில இருக்கிற சின்னச் சின்னக் கடைகள், கொம்பனிகளின்ர பில், பேங்க் ரிகன்சிலியேஷன் (கணக்குப் புத்தகமும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ஒத்துப்போகுதா எண்டு பார்க்கிறது), மாச முடிவுக் கணக்கு எல்லாம் இங்க இருந்து செய்து குடுக்கிறது தான் எங்கட வேலை. புதுசா டீம் லீட் ஆன ரெண்டு தம்பிமார் "அண்ணா, ஆக்கள எப்பிடி மோட்டிவேட் பண்ணுறது" எண்டு கேட்டவங்கள், ரீ குடிச்சு முடியிறதுக்குள்ள சொல்லி முடியிற விஷயம் இல்ல எண்டபடியால் எழுதுறன்.

என்ர பிழையில இருந்தே தொடங்குறன். பில்ல ஸ்கேன் பண்ணினா தானே வாசிச்சு கணக்கில போடுற சொஃப்ட்வெயார் ஒண்டு எடுத்தம். நான் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் 5 மணிக்கு எல்லாரையும் கூப்பிட்டு ஸ்லைட் போட்டுக் காட்டி, எவ்வளவு நேரம் மிச்சம், எவ்வளவு வேகம் எண்டு பெருமையாக் கதைச்சு, "ஏதும் கேள்வி இருக்கா" எண்டு கேட்டன். "இல்ல சேர், ஓகே சேர்." எனக்கும் சந்தோஷம், வீட்ட போயிட்டன். ஒரு மாசத்தில, பில்லக் கையால கணக்கில பதியிற என்ட்ரி வேலை செய்த பெடியள்ல கெட்டிக்காரர் ரெண்டு பேர் ராஜினாமாக் கடிதம் குடுத்திட்டாங்கள். ஒருத்தரையும் நிப்பாட்டுற யோசினை எங்களுக்கு இருக்கவே இல்ல! ஆனா அத நான் வாயால சொல்லேல்ல தானே, மிஷின் வந்தா எங்கள அனுப்பிடுவாங்கள் எண்டு அந்த சனி ஞாயிறு முழுக்க வட்ஸ்அப்பில கதைச்சிருக்கினம், அனுப்ப முதல் நாங்களே போயிடுவம் எண்டு வேற இடம் பார்த்திட்டினம்.

அதால ஒரு மாற்றத்த சொல்லுறதெண்டால் முதல் வசனம் ஆக்களப் பற்றி இருக்கோணும், சாமானப் பற்றி இல்ல. யாருக்கும் வேலை போகுதா இல்லையா, யாரிட வேலை எப்பிடி மாறும், எப்ப இருந்து, இவ்வளவும் சொன்ன பிறகு தான் அந்த சொஃப்ட்வெயாரின்ர பேர். முடிவாகாத விஷயம் இருந்தா "இது இன்னும் முடிவாகேல்ல, 15ஆம் திகதி சொல்லுறன்" எண்டு திகதி போட்டுச் சொல்லுங்கோ, அண்டைக்கு சொல்ல ஒண்டும் இல்லாட்டியும் "இன்னும் ஒண்டும் இல்ல" எண்டு வந்து சொல்லுங்கோ. வெள்ளி பின்னேரம் வேண்டாம். செவ்வாய் காலமை நல்லம், கேள்வி யோசிச்சு வர மூண்டு நாள் இருக்கு.

உண்மையாவே ஆக்கள் குறையப் போகுது எண்டால் பொய் சொல்லாதேங்கோ, பிடிபடும். 15 பேர் அல்லது அதுக்கு மேல இருக்கிற இடத்தில, 180 நாள் வேலை செய்த ஒருத்தர ஒழுக்கப் பிரச்சினை இல்லாம நிப்பாட்டுறதெண்டால் அவரிட எழுத்துச் சம்மதம் வேணும், இல்லாட்டி தொழில் ஆணையாளர் நாயகத்தின்ர அனுமதி வேணும், 1971 சட்டம். அதே மாதிரி 15 பேர் இருக்கிற இடத்தில 5 வருஷம் முடிச்சவருக்கு வருஷத்துக்கு அரை மாசச் சம்பளம் படி பணிக்கொடை இருக்கு. ஈபிஎஃப்ல (ஊழியர் சேமலாப நிதியம்) சம்பளத்தில அவர் போட்ட 8 வீதம், கொம்பனி போட்ட 12 வீதம், கொம்பனியே போடுற ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதியம்) 3 வீதம் வேற. பக்கத்தில இருந்து ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டுக் காட்டினா ஆளுக்கு பயம் போகாது தான், ஆனா எவ்வளவு பயப்பிடோணும் எண்டாவது விளங்கும்.

அடுத்தது பாஷை. கொழும்பில இத ஒருத்தரும் மனேஜருக்குப் படிப்பிக்கிறேல்ல. எங்கட டீம்ல யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன், குருநாகல், வெள்ளவத்தை எல்லா இடத்து ஆக்களும் இருக்கினம், மீட்டிங் மட்டும் இங்கிலீஷ். நல்லா இங்கிலீஷ் கதைக்கிற மூண்டு பேர் தான் எல்லா மீட்டிங்கிலயும் கதைப்பினம், நாங்களும் அந்த மூண்டு பேர் தான் கெட்டிக்காரர் எண்டு நினைச்சிடுவம். மிச்சம் 11 பேரும் தலையாட்டுவினம். என்ர அனுபவத்தில "ஓகே சேர்", "சரி சரி", சிங்களத்தில "ஹரி ஹரி" மூண்டுக்கும் அர்த்தம் ஒண்டு தான்: விளங்கேல்ல, ஆனா எல்லாருக்கும் முன்னால கேட்க வெட்கமா இருக்கு.

நான் இப்ப செய்யிறது என்னெண்டால், மீட்டிங்குக்கு முதல் நாள் ரெண்டே ரெண்டு கேள்விய எழுதி அனுப்புவன், பதில தமிழோ சிங்களமோ இங்கிலீஷோ எதிலயும் எழுதலாம், வொய்ஸ் நோட்டும் போடலாம். மீட்டிங்கில நான் அதுகள வாசிச்சிட்டுத் தான் தொடங்குறது. கதைக்கிறவர் தன்ர பாஷையில கதைப்பார், பக்கத்தில ஒருத்தர் சுருக்கமா சொல்லுவார், 10 நிமிஷம் கூடப் போகும் தான், போகட்டும். விளங்கிட்டுதா எண்டு கேட்கிறதையும் விட்டிட்டன். "இப்ப இத நீங்கள் எப்பிடி செய்யப் போறீங்கள், ஒருக்கா சொல்லுங்கோ" எண்டு கேட்டா முழுக்கத் தெரிஞ்சிடும். ஆனா கேட்கிற தொனி முக்கியம், ஸ்கூல்ல மிஸ் கேட்ட மாதிரி கேட்டா ஆள் இன்னும் சுருங்கிடும், "நான் வடிவா சொன்னனானோ தெரியேல்ல, அதான் கேக்கிறன்" எண்டு பிழைய உங்கட பக்கம் எடுத்துக்கொண்டு கேளுங்கோ.

தனியக் கதைக்கிறது. ஒவ்வொருத்தரோடயும் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா 20 நிமிஷம், அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள வேண்டாம், உள்ள போற ஆளப் பார்த்து வெளிய இருக்கிறவை எல்லாம் "என்னவாம்" எண்டு கேட்பினம். கீழ தேத்தண்ணிக் கடைக்குப் போங்கோ, இல்லாட்டி மரைன் டிரைவ் பக்கம் நடவுங்கோ. "ஏதும் குறை இருக்கா" எண்டு கேட்டா "ஒண்டும் இல்ல சேர்" தான் வரும், எங்கட ஆக்கள் பெரியவைக்கு குறை சொல்லிப் பழகினதில்ல. அதுக்குப் பதிலா "போன கிழமை யாரிட பதிலுக்காக கனநேரம் காத்துக்கொண்டு இருந்தீங்கள்?" எண்டு கேளுங்கோ, அது குறை சொல்லுற மாதிரி இல்ல, நடந்தத சொல்லுற மாதிரி. இப்பிடிக் கேட்டுத் தான் ஒரு தங்கச்சி கிளையன்ட் ஃபைல் ஒண்டைத் திறக்க பெர்மிஷன் இல்லாம ஒவ்வொரு நாளும் இன்னொருத்தரட்டக் கேட்டுக் கேட்டு வேலை செய்யிறா எண்டு தெரிஞ்சது, ஐடிக்கு ஒரு கோல் எடுத்தன், 5 நிமிஷம். ஆக்களுக்கு ஊக்கம் குடுக்கிறதெண்டு நாங்கள் நினைக்கிறதில பாதி இப்பிடி காலுக்குள்ள கிடக்கிற கல்லை எடுக்கிற வேலை தான்.

இப்ப அந்த சொஃப்ட்வெயார் கதைக்குத் திரும்பி வாறன். ரெண்டு பேர் போன பிறகு மிச்சம் இருந்த ஜூனியர்மார் முகத்தில உயிரே இல்ல. அப்ப ஒரு எக்செல் ஷீட் திறந்து ‘மிஷின் விட்ட பிழை’ எண்டு பேர் வச்சு, பிழை பிடிக்கிறவர் தன்ர பேரோட எழுதோணும் எண்டு சொன்னன். முதல் கிழமையே கலகலப்பா வந்திட்டுது! திருப்பிக் குடுத்த சாமானுக்கு வந்த கிரெடிட் நோட்ட பில் எண்டு போட்டிருக்கு, 03/04 எண்ட திகதிய ஏப்ரல் 3க்குப் பதிலா மார்ச் 4 எண்டு வாசிச்சிருக்கு, ஒரே பில்ல ரெண்டு தரம் ஏத்தியிருக்கு. அதில கூடப் பிழை பிடிச்ச பிள்ளை தான் இப்ப புதுசா வாற ஆக்களுக்கு அந்த சொஃப்ட்வெயாரப் படிப்பிக்கிறா, மீட்டிங்கில ஒரு நாளும் வாய் திறக்காதவ. ஒரு வேலைய மிஷின் எடுத்தா அந்த மிஷினுக்கு மேல ஒரு வேலைய அதே ஆளுக்குக் குடுங்கோ, சும்மா ‘அப்ஸ்கில் பண்ணுங்கோ’ எண்டு லிங்க் அனுப்பிறதால ஒண்டும் நடக்காது.

சம்பளத்தப் பற்றி சுருக்கமா. ஃப்ரெடெரிக் ஹேர்ஸ்பேர்க் எண்ட அமெரிக்கர் 1950கள்ல பிற்ஸ்பேர்க் பக்கம் ஒரு 200 இன்ஜினியர், கணக்காளர்மாரட்டப் போய் வேலையில எது சந்தோஷம் தந்தது, எது வெறுப்புத் தந்தது எண்டு கேட்டவர், 1959இல அது புத்தகமாவும் வந்தது. வெறுப்புக்குக் காரணமா வந்தது கூடுதலா கொம்பனி விதிமுறை, மேல இருக்கிறவர், சம்பளம் மாதிரி விஷயங்கள், சந்தோஷத்துக்குக் காரணமா வந்தது செய்து முடிச்ச வேலை, கிடைச்ச மதிப்பு, பொறுப்பு. எங்கட ஷீட் கதையும் அதே தான். ஆனா இத வச்சு "காசு முக்கியமில்ல" எண்டு கதைக்க வெளிக்கிடாதேங்கோ, 2022க்குப் பிறகு கொழும்பில வாடகையும் சாப்பாடும் என்ன விலை எண்டு உங்களுக்கே தெரியும். கூட்ட ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லுங்கோ. கூட்டினா கையில வாறத சொல்லுங்கோ, ஒரு லட்சம் எண்டு சொன்னா ஈபிஎஃப் 8 வீதம் போக 92,000 தான் வரும், ஆள் ஒரு லட்சத்துக்குக் கணக்குப் போட்டு வச்சிட்டு மாசக் கடைசியில மூஞ்சைய நீட்டுறது யாரிட பிழை?

நேரம் இன்னொரு தலையிடி. ஒக்டோபர் கடைசி ஞாயிறு இங்கிலாந்தில மணிக்கூட்ட மாத்துவினம், அதுவரைக்கும் அவையின்ர காலமை 9 மணி எங்களுக்கு 1.30, அதுக்குப் பிறகு 2.30. அந்த ஒரு மணித்தியாலம் எங்கட ஆக்களின்ர இரவில இருந்து தான் வெட்டுப்படும், செப்டம்பர்லயே யார் பிந்தி நிக்கிறது, யார் எப்பிடி வீட்ட போறது எண்டு பேசி முடியுங்கோ. நோன்பு மாசத்தில துறக்கிற நேரத்துக்கு ஆள் வீட்ட நிக்கோணும், கேட்க முதல் நீங்களே ரோஸ்டர மாத்துங்கோ. பெரிய வேலைகள திங்கள் காலமை வைக்காதேங்கோ, யாழ்ப்பாணத்தில இருந்து ஞாயிறு இரவு பஸ் ஏறி விடிய வெள்ளவத்தையில இறங்கி குளிச்சிட்டு நேர ஒஃபிஸுக்கு வாறவரட்ட 9 மணிக்கு புது ஐடியா கேட்டா என்ன வரும், கொட்டாவி தான். இரவு 10 மணிக்கு ஞாபகம் வந்தா எழுதி வச்சிட்டு காலமை அனுப்புங்கோ. குரூப்பில வச்சு ஏசவே கூடாது, பாராட்டுறதையும் ஒருக்கா ஆளட்டக் கேட்டிட்டுச் செய்யுங்கோ, சிலருக்கு எல்லாருக்கும் முன்னால கைதட்டினா அழுகை வரும்.

கடைசியா, போற ஆக்கள். கனடா, அவுஸ்திரேலியா, டுபாய் எண்டு டீம்ல எப்பவும் ஆரோ ஒருத்தர் விசாவுக்கு ஃபைல் போட்டுக்கொண்டு தான் இருப்பினம். சில மனேஜர்மார் இது தெரிஞ்ச உடன அந்த ஆளுக்கு நல்ல வேலை குடுக்கிறத நிப்பாட்டிடுவினம், இன்க்ரிமென்ட்ட வெட்டுவினம். இதப் பார்க்கிற மிச்ச ஆக்கள் படிக்கிற பாடம் ஒண்டு தான், டிக்கெட் போட்ட பிறகும் வாய் திறக்காத. நான் எங்கட ஆக்களட்ட, மூண்டு மாசத்துக்கு முதல் சொன்னா கடைசி நாள் வரைக்கும் ஒண்டும் குறையாது, ரெஃபரன்ஸ் கடிதமும் நானே எழுதுவன் எண்டு சொல்லியிருக்கிறன், ரெண்டு பேருக்கு செய்தும் காட்டின பிறகு தான் நம்பினவை. வேலைய ஒப்படைக்கிறதுக்கு டொக்கியுமென்ட் எழுதச் சொல்லாதேங்கோ, ஒருத்தரும் வாசிக்கிறேல்ல. அடுத்த ஆள் வேலைய செய்யட்டும், போறவர் பக்கத்துக் கதிரையில இருந்து பார்க்கட்டும், ஒரு மாச முடிவுக் கணக்கு முழுக்க அப்பிடி.

போய் ரெண்டு மூண்டு மாசத்தால ஒரு கோல் எடுத்து, இங்க இருக்கேக்க சொல்லேலாமப் போனது ஏதும் இருக்கா எண்டு கேளுங்கோ. டொரொன்டோ போன ஒரு தங்கச்சியட்டக் கேட்டன், சம்பளம், ப்ரொமோஷன் எண்டு ஏதோ பெரிசா வரப்போகுது எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன். "அண்ணா, என்ர சீட் ஏசிக்கு நேர கீழ தானே, மூண்டு வருஷம் ஜக்கெட்டோட தான் இருந்தனான்" எண்டா. கனடாக் குளிர்ல நிண்டு கொண்டு சொல்லுறா! அந்தக் கதிரையில இப்ப இருக்கிற தம்பியட்டப் போய்க் கேட்டன். "இல்ல சேர், ஓகே சேர்" எண்டான், கழுத்தில மஃப்ளர். கேட்காமலே மேசைய இழுத்து ஜன்னல் பக்கம் போட்டன்.