ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது, சரி; மாடலைப் பார்த்தாயா?

இயந்திர பாகங்கள் சுமையைத் தாங்குமா என்று கணினி மாடலில் கணக்கிட்டுப் பார்ப்பது எங்கள் வேலை; அதைத் தானாக ஓட்டுகிற சிறு நிரல்தான் ஸ்கிரிப்ட். பெங்களூருவில் எங்கள் டீமில் பாதிப்பேர் கோவை, சேலம், திருச்சிப் பக்கத்தவர்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகள் மெக்கானிக்கலோடு பைத்தானும் படித்துவிட்டு வருகிறார்கள். மூன்றாவது மாதமே, "அண்ணா, நாற்பது டிசைனையும் ராத்திரியே ஓட்டிட்டேன்" என்று எக்செல்லை நீட்டுகிறார்கள். எனக்குப் பெருமைதான். ஆனாலும் முதலில் கேட்பேன்: நாற்பதில் எத்தனையைத் திறந்து பார்த்தாய்?

கையால் செய்யும்போது கண் சும்மா இருக்காது. மெஷ் (கணக்குக்காக மாடலைச் சிறு துண்டுகளாக, அதாவது எலிமென்ட்களாக, பிரிக்கும் வலை) கோணலாக இருப்பதும், போல்ட் பிடிக்க வேண்டிய முகம் (பரப்பு) விட்டுப்போனதும் தானாகவே கண்ணில் படும். ஸ்கிரிப்ட்டுக்கு அந்தக் கண் இல்லை. அது எதைச் சோதிக்க வேண்டும் என்பதை நாம்தான் எழுதிக்கொடுக்க வேண்டும்.

அலகில் நடக்கும் தவறு எளிதில் வெளியே தெரியாது. நாங்கள் ஓட்டும் கணக்கு மென்பொருளான அபாகஸுக்கு அலகு என்று எதுவும் தெரியாது. மில்லிமீட்டர், நியூட்டன், மெகாபாஸ்கல் என்று போனால் நிறை டன்னில் இருக்க வேண்டும். எஃகின் அடர்த்தி கன மில்லிமீட்டருக்கு 7.85 × 10⁻⁹ டன். கிலோகிராம் கணக்கில் 7.85 × 10⁻⁶ என்று கொடுத்துவிட்டால் ஆயிரம் மடங்கு கூடிவிடும். ஈர்ப்புவிசை இல்லாத ஸ்டாட்டிக் ரன்னில் (அசையாத சுமைக்கான கணக்கில்) அடர்த்திக்கு வேலையே இல்லை, அதனால் ரிசல்ட் சரியாகவே வரும். அந்த டெம்ப்ளேட்டை நம்பி மாதக்கணக்கில் ஓட்டுவோம். ஒருநாள் அதிலேயே இயல்பு அதிர்வெண்ணைக் கேட்டால், 190 ஹெர்ட்ஸ் வர வேண்டிய இடத்தில் 6 வரும். ஆறு ஹெர்ட்ஸ் என்பது பார்த்ததும் பதற வைக்கிற எண் அல்ல. பிரேம் தொளதொளப்பாக இருக்கிறது போல என்று தோன்றும். நான் அப்படித்தான் நினைத்தேன். பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் ஓடப்போகும் ஒரு இயந்திரத்தின் பிரேமுக்கு ரிப் (விறைப்புக்கான பட்டை) மேல் ரிப் சேர்த்து ஒரு வாரம் போனது. மாடலின் மொத்த நிறையை ஸ்கிரிப்டே எடுத்து கேட் (CAD, கணினி வரைபட) மாடலின் நிறையோடு ஒப்பிட்டிருந்தால், முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

மென்பொருளில் நாம் செய்யும் கிளிக்குகளை மேக்ரோவாகப் பதிவுசெய்து அப்படியே ஸ்கிரிப்டாக்குவது அடுத்த தவறு. பதிவில் முகங்கள் உள் எண்களாகத்தான் நிற்கும். ஒரு ஃபில்லட் (மூலையில் வளைவு) சேர்ந்தாலே எண்கள் மாறி, லோடு வேறு முகத்தில் போய் உட்காரலாம். எரர் எதுவும் வராது. முகங்களுக்கு கேட் மாடலிலேயே பெயர் வைத்துவிடுங்கள். தாங்கிகளின் எதிர்விசைக் கூட்டுத்தொகை கொடுத்த லோடுக்குச் சமமா என்றும் ஒரு வரி எழுதுங்கள். சமமாக வந்தாலும் இடம் சரி என்று ஆகாது; அதற்கு லோடும் தாங்கிகளும் தெரியும் ஒரு படம் சேமிக்க வேண்டும்.

பாகங்கள் ஒன்றையொன்று தொடும் கான்டாக்ட் உள்ள, லோடைச் சிறிது சிறிதாக ஏற்றும் நான்லீனியர் ரன் பாதியில் நின்றுபோவது சகஜம். ஸ்கிரிப்ட் கடைசியாகச் சேமித்த கட்டத்தைப் படிக்கிறது, அங்கே 60 சதவீத லோடுதான் ஏறியிருக்கிறது. அந்த ஸ்ட்ரெஸ் (தகைவு) குறைவாக இருப்பதால் அட்டவணையில் அதுவே சிறந்த டிசைனாக மேலே வந்து நிற்கும். ரன் முடிந்ததா என்று பார்க்காமல் எண்ணை எடுக்காதீர்கள்.

மாடல் முழுவதற்கும் அதிகபட்ச வான் மிசஸ் (எல்லாத் திசைத் தகைவையும் ஒரே எண்ணாக்கும் அளவு) என்று ஒற்றை எண் எடுப்பதும் ஆபத்து. உள்மூலை கூராக இருந்தால், மெஷ்ஷைச் சிறிதாக்கச் சிறிதாக்க அங்கே ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போகும், நிற்காது. சிறந்த டிசைனைத் தானாகத் தேடும் ஆப்டிமைசர் அந்த மூலையைத் துரத்தும்.

எதிர்ப்பக்கமும் உண்டு: மெஷ் போதாவிட்டால் ஸ்ட்ரெஸ் குறைவாகத் தெரியலாம். நார்வேயில் ஸ்லெய்ப்னர் ஏ எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடித்தளம் 1991 ஆகஸ்ட் 23 அன்று கடலில் மூழ்கியது. சுவர்கள் கூடும் இடத்தில் போட்ட மெஷ் போதாமல், நாஸ்ட்ரான் என்ற மென்பொருளின் கணக்கில் வெட்டுத்தகைவு 47 சதவீதம் குறைவாக வந்திருந்தது. விபத்துக்குப் பின் செய்த கணக்கு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உடைந்தது 65 மீட்டரில். முதல் வடிவமைப்பை மட்டுமாவது மூன்று மெஷ் அளவுகளில் ஓட்டிப் பாருங்கள்.

ஸ்கிரிப்டை ஒவ்வொரு முறை திருத்தும்போதும், விடை தெரிந்த ஒரு கணக்கை அதில் ஓட்டச் சொல்கிறேன். 100 மி.மீ நீளம், 20 அகலம், 10 தடிமன் கொண்ட எஃகுப் பட்டை. ஒரு முனை பிடிப்பில், மறுமுனையில் தட்டையாக வளைய 100 நியூட்டன். முனை 0.095 மி.மீ அளவுக்குத் தாழ வேண்டும், பிடிப்பருகே வளைவுத்தகைவு 30 மெகாபாஸ்கல். தடிமனுக்கு ஒரே ஒரு நான்கு-முனை டெட்ரா (நான்முகி வடிவ எலிமென்ட்) போட்டு ஓட்டினால் தாழ்வு இதைவிடத் தெளிவாகக் குறையும். எலிமென்ட் வகையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.