அஞ்சா, நாலா? உளவுப் பட இசையின் கவர்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி பங்குனியில் திருவிழா சீசன் தொடங்கிவிட்டால் கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து இன்னிசைக் குழுக்களில் புதிதாகச் சேர்ந்த பையன்களிடமிருந்து எனக்கு வாய்ஸ் மெசேஜ் வர ஆரம்பித்துவிடும். மாப்பிள்ளை அழைப்புக்கு ஜேம்ஸ்பாண்டு மியூசிக் கேட்கிறார்கள், சாமி புறப்பாட்டுக்கு முந்தின கச்சேரியில் மிஷன் இம்பாசிபிள் வைக்கலாமென்று கமிட்டியில் சொல்கிறார்கள், யூடியூபில் ஏழெட்டு வெர்ஷன், அதாவது ஒரே மெட்டை வேறுவேறு ஆட்கள் தங்கள் பாணியில் வாசித்த கவர், இருக்கிறது, நாங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டோம், இதுதான் டாப் என்று ஒரு தீர்ப்பும் கூடவே வரும். தீர்ப்பு பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். கீபோர்டு வாசிக்க ஆரம்பித்த காலத்தில் நான் கோட்டை விட்ட அதே இடங்களில்தான் இவர்களும் விடுகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். ஹெட்போனில் கேளுங்கள், முழுசாகக் கேளுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது யாருக்கும் தெரியும்.

முதலில் காதில் விழுந்ததை ஒரிஜினல் என்று நம்புவது

மிஷன் இம்பாசிபிள் என்றதும் டாம் குரூஸ் படம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அந்தப் படம் 1996. இசையோ 1966இல் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்காக லாலோ ஷிஃப்ரின் போட்டது. அவர் அர்ஜென்டினாக்காரர், பியானோ கலைஞர், ஜாஸில் ஊறியவர், 2025இல்தான் காலமானார். அதிலும் தொடரின் டைட்டிலில் வருவது ஒரு நிமிடம்கூட ஓடாது. இசைத்தட்டுக்காக அவரே நீட்டி வாசித்தது வேறு. ஆக ஒரிஜினல் என்று சொல்லும்போதே எதைச் சொல்கிறோம் என்று தெளிவாக இருக்க வேண்டும்.

ஜேம்ஸ்பாண்டு இசையில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழம். 1962இல் டாக்டர் நோ படத்துக்கு மான்டி நார்மன் கொடுத்த மெட்டை வாத்தியக் கோவையாக்கியவர் ஜான் பாரி, கிட்டார் வாசித்தவர் விக் ஃபிளிக். அந்த மெட்டையும் நார்மன் படத்துக்காகப் புதிதாகப் போடவில்லை. டிரினிடாட்டில் குடியேறிய இந்தியக் குடும்பத்தைப் பற்றிய வி.எஸ். நைபாலின் நாவலை வைத்து ஓர் இசை நாடகம் போடுவதாக இருந்து அது மேடையேறவில்லை. அதற்காகப் போட்ட பாட்டைத்தான் இங்கே திருப்பினார். மெட்டு யாருடையது என்ற சண்டை லண்டன் நீதிமன்றம் வரை போய், பாரிதான் போட்டார் என்று எழுதிய பத்திரிகை மீது தொடுத்த அவதூறு வழக்கில் 2001இல் நார்மன் ஜெயித்தார். நாம் கேட்கும் முதல் பதிவே ஒரு விதத்தில் கவர்தான் என்று நான் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

தாளத்தை எண்ணாமல் டியூனை மட்டும் கேட்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன், ஏனென்றால் இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

மிஷன் இம்பாசிபிளின் உயிர் அதன் ஐந்தில், அதாவது சுற்றுக்கு ஐந்து அட்சரம் (எண்ணிக்கை) வரும் தாளத்தில் இருக்கிறது. அடியில் ஓடும் பேஸை (கனத்த கீழ்ஸ்தாயி வரியை) நம்ம சொற்கட்டில் சொன்னால் தகிட தகிட தக தக. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, ஆக மொத்தம் பத்து அரை அட்சரம், அதாவது ஐந்து அட்சரம். கண்ட ஜாதி ஏக தாளம் போட்டுக்கொண்டே பாடிப் பாருங்கள், ஒரு தட்டு, நான்கு விரல். சுரம் ச, ச, க, ம. முதல் ச தட்டில் விழும். இரண்டாவது ச சுண்டுவிரலிலும் விழாது, மோதிரவிரலிலும் விழாது, இரண்டுக்கும் நடுவே விழும். அப்புறம் க நடுவிரலில், ம ஆள்காட்டியில். அந்த நடுவே விழுகிற ச இருக்கிறதே, அதுதான் திருடன் சுவரேறுகிற மாதிரி ஒரு பதற்றத்தைக் கொடுக்கிறது. நீளம், நீளம், குட்டை, குட்டை என்ற இந்த அடி மோர்ஸ் தந்தியில் எம், ஐ என்ற இரண்டு எழுத்துகளுக்கும் அப்படியே பொருந்திவரும்.

இப்போது கவர்களுக்கு வருவோம். 1996 படத்துக்கு டேனி எல்ஃப்மன் அமைத்த டைட்டில் இசை ஐந்தையே பிடித்துக்கொண்டு போகிறது. அதே படத்தையொட்டி யூ2 குழுவின் ஆடம் கிளேட்டனும் லாரி முல்லனும் போட்டு உலகமெங்கும் ஓடிய வெர்ஷனோ ஆடுவதற்குத் தோதாக நாலுக்கு மாற்றப்பட்டது. ஒரே வருடம், ஒரே படம், ஒரே மெட்டு, ஒன்று ஐந்து, இன்னொன்று நாலு. டியூனை மட்டும் கேட்டு ஒப்பிடுகிறவனுக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது. "இது கொஞ்சம் கெத்தா இருக்குண்ணே, அது கொஞ்சம் பழசா இருக்கு" என்பான், அவ்வளவுதான்.

சரி, பிடிபடாவிட்டால் என்ன குடி முழுகிப்போகிறது என்றுதான் ஒரு குழுவிலும் நினைத்தார்கள். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் ஒரு கிராமத்துக் கோயில் திருவிழா. நாதஸ்வரம், தவில், கீபோர்டு, ரிதம் பேடு எல்லாம் சேர்ந்து மிஷன் இம்பாசிபிள் என்று நோட்டீஸிலேயே போட்டாகிவிட்டது. கீபோர்டுத் தம்பி பல வெர்ஷன்களைக் கேட்டு ஒப்பிட்டு, கெத்தான நாலு வெர்ஷனை மாதிரியாக வைத்து ஸ்டுடியோவில் காசு கொடுத்து டிராக் (மேடையில் பின்னணியாக ஓடவிடும் பதிவு) அடித்து வாங்கினான். ஆனால் நாதஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் பழகுவதற்கு அனுப்பிய ஃபைல் பழைய தொடரின் இசை. எல்லாம் ஒன்றுதானே என்ற நினைப்பு. ஒத்திகை என்ற பெயரில் கூடினார்கள், டீ குடித்தார்கள், சினிமாப் பாட்டுகளை ஓட்டிப் பார்த்தார்கள், இதை மட்டும் தொடவில்லை. மேடையேறும் முன் தவில்காரர் விரலில் கூடு மாட்டிக்கொண்டே கேட்டாராம்:

"தம்பி, அஞ்சுதானே?"

"அதேதாண்ணே. நீங்க வாசிங்க, டிராக் பாத்துக்கும்."

டிராக் என்னத்தைப் பார்க்கும்? ஐந்தும் நாலும் இருபதாவது அட்சரத்தில்தான் மறுபடி சந்திக்கும். முதல் சுற்றில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் சுற்றில் நாதஸ்வரம் ஒரு அட்சரம் பிந்தியது போலிருந்தது, மூன்றில் இரண்டு. எல்லோரும் ஒருவரையொருவர் முறைக்கும் நேரத்தில் இருபது முடிந்து சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) டக்கென்று சேர்ந்துவிட்டது. சேர்ந்ததுதான் வினை. அப்பாடா என்று எல்லோரும் தெம்பாக வாசிக்க, மறுபடி பிரிந்தது. நான் கீழே சவுண்டு மிக்ஸர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தவில்காரர் வாசிப்பதை நிறுத்தி, தவிலின் தொப்பியில் (குச்சியால் வாசிக்கும் பக்கத்தில்) கையை வைத்துக்கொண்டு டிராக்கையே கவனித்தார், தலையை ஆட்டினார், பிறகு வாசிக்கவே இல்லை. நாதஸ்வரக்காரர் ஒரு சங்கதியோடு முடித்து, வாயில் வைத்து ஊதும் சீவாளியை எடுத்துவிட்டார். வெறும் டிராக் மட்டும் டம்டம்மென்று ஓடிக்கொண்டிருக்க, அறிவிப்பாளர் அடுத்த பாட்டைச் சொல்லிச் சமாளித்தார்.

பேசிய தொகையில் கமிட்டி ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டது, டிராக்குக்குக் கொடுத்த காசும் போயிற்று, அந்தத் தவில்காரர் அதற்குப் பிறகு அந்தக் குழுவோடு வாசிக்க வரவில்லை. எனக்கு எரிச்சல் காசை நினைத்து இல்லை. தஞ்சாவூர்ச் சீமையில், தாளத்துக்கே பேர்போன மண்ணில், ஐந்தா நாலா என்று விரல் விட்டு எண்ண ஒருத்தனுக்கும் தோன்றவில்லையே, கேட்ட ஒரே ஆளுக்கும் பதில் சரியாகச் சொல்லவில்லையே என்றுதான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: எந்த வெர்ஷனைக் கேட்டாலும் முதல் தடவை டியூனை விட்டுவிடுங்கள். பேஸைப் பிடித்துக்கொண்டு தகிட தகிட தக தக என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சுற்றுக்குச் சுற்று உட்கார்ந்தால் ஐந்து. உட்காரவில்லை என்றால் நாலுக்கான தகதிமி போட்டுப் பாருங்கள். அது உட்கார்ந்துவிட்டால் பத்து எட்டாகச் சுருங்கியிருக்கிறது. அந்த இரண்டு எங்கே போயிற்று, எந்தச் சுரத்தைக் குறுக்கினார்கள் என்று தேடுங்கள். அதைக் கண்டுபிடித்தால்தான் ஒப்பீடு என்று பேசவே முடியும். நாலுக்கு மாற்றியது குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆட வைக்க வேண்டும் என்று தெரிந்து மாற்றினார்கள், ஆட வைத்தார்கள். எதை விலையாகக் கொடுத்தார்கள் என்று தெரியாமல் மார்க் போடுவதுதான் எனக்குப் பிடிக்காதது.

சத்தம் அதிகமானதற்கு மார்க் அதிகம்

1962 பாண்டு பதிவையும், 1997இல் டுமாரோ நெவர் டைஸ் படத்துக்காக மோபி போட்டதையும் அடுத்தடுத்துக் கேட்டால் புதியதுதான் பிரமாதம் என்று காது உடனே சொல்லும். காதை நம்பாதீர்கள். கொஞ்சம் சத்தம் கூடினாலே பேஸும் மேல்ஸ்தாயியும் நமக்குத் தூக்கலாகக் கேட்கும், அதை நாம் நல்ல வாசிப்பு என்று நினைத்துக்கொள்வோம். பழைய பதிவில் கிட்டார் மெதுவாக ஊர்ந்து வந்து பித்தளை வாத்தியங்கள் திடீரென்று பாய்வதற்கு இடம் விட்டிருப்பார்கள். பிற்காலப் பதிவுகள் பலவற்றில் ஆரம்பத்திலிருந்தே எல்லாம் உச்சத்தில் நிற்கும், பாய்வதற்கு இடமே இருக்காது. யூடியூப் சமன் செய்துவிடுமே என்பார்கள். அது சத்தமானதைக் குறைக்கும், சன்னமானதை ஏற்றாது. ஆகவே மெட்டு தொடங்கும் இடத்தை இரண்டிலும் மாற்றி மாற்றி ஓட்டி, சத்தமானதன் வால்யூமை நீங்களே குறைத்துச் சமமாக்கிக்கொண்டு கேளுங்கள்.

எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்

அதைக் கையால் மறைத்துக்கொண்டு கேளுங்கள்.

செல்போன் ஸ்பீக்கர்

இந்த இசையே பேஸ்தான். செல்போன் ஸ்பீக்கரில் அது வராது. வேறென்ன சொல்ல?

எடுத்தாண்டதையும் கவரையும் ஒன்றாக்குவது

பால் மெக்கார்ட்னி 1973இல் போட்ட லிவ் அண்ட் லெட் டை பாட்டை 1991இல் கன்ஸ் அண்ட் ரோசஸ் பாடியது கவர்; பாட்டின் கட்டமைப்பு அப்படியே இருக்க, குரலும் கிட்டாரும் மாறின. 1967இல் நான்சி சினாட்ரா பாடிய பாண்டு பாட்டின் வயலின் வரியை மட்டும் மறுபடி வாசித்துப் பதிந்து 1998இல் ராபி வில்லியம்ஸ் தன் பாட்டுக்கு அடியில் விரித்தாரே, அது கவர் இல்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு எது பெஸ்ட் என்று கேட்காதீர்கள்.

சுருதி மாறியதைக் கவனிக்காமல் விடுவது

மிஷன் இம்பாசிபிள் எழுதப்பட்டது ஐந்து கட்டைச் சுருதியில். நம்ம நீளமான பாரி நாதஸ்வரம் இரண்டு, இரண்டரையில் நிற்கும். நாதஸ்வரத்தில் ஒருவர் வாசித்த கவரைக் கேட்டுவிட்டு "இதுல அந்த விறுவிறுப்பு இல்லை" என்று சொல்லும் முன், சுருதி இறங்கியதால் அப்படித் தோன்றுகிறதா, வாசிப்பே தொய்வா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து கேட்கும் வசதி எந்தச் சாதாரண ஆப்பிலும் இருக்கிறது.

எந்த ராகம் என்று தேடுவது

இது நம்ம ஊருக்கே உரிய வியாதி. பாண்டு இசையின் அடியில் ஊர்வது ப, சுத்த தைவதம், அதற்கு அரைப் படி மேலே சதுச்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம். மிஷன் இம்பாசிபிளில் ச ச க ம முடிந்ததும் ச ச, அப்புறம் கைசிகி நிஷாதம், அதன் தலையிலேயே காகலி நிஷாதம். அரை அரைப் படியாக ஏறி இறங்குவதுதான் இதன் சங்கதியே. இதை ஒரு ராகத்துக்குள் அடைத்துவிட்டு "இவர் ராக பாவத்தோடு வாசித்திருக்கிறார்" என்று கவருக்குக் கூடுதல் மார்க் போடுகிறார்கள். அந்த பாவம் என்பது பெரும்பாலும் தைவதத்தில் கொடுத்த அசைவு. அசைத்த உடனே இரண்டு தைவதங்களுக்கும் நடுவே இருக்கும் கோடு அழிந்துபோகும், ஒற்றன் போய் ஓதுவார் வந்துவிடுவார்.

நாதஸ்வரத்தில் இதைக் கமகமில்லாமல், அதாவது சுரத்தை அசைக்காமல் வாசிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. சாவி கிடையாது, பொத்தான் கிடையாது. துளையைப் பாதி மூடியும், சீவாளியில் உதட்டின் அழுத்தத்தை மாற்றியும்தான் அந்த அரைப் படியைப் பிடிக்க வேண்டும். ஆகவே கேட்கும்போது ப-வுக்கு மேலே உள்ள அந்த இரண்டு சுரங்களும் தனித்தனியாக, நேராக நிற்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். நேராக நிற்கும் கவர் சாதாரண ஸ்டுடியோவில் பதிந்ததாக இருந்தாலும் அதற்குத்தான் என் ஓட்டு.

கமகமில்லாமல் வாசித்தால் நம்ம சங்கீதமா என்று கேட்பவர்களுக்குத் திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதரைக் காட்டுவேன். இங்கிலீஷ் பேண்டு மெட்டுகளை எடுத்து சமஸ்கிருத சாகித்தியம் போட்டு நோட்டுஸ்வரமாகத் தந்தவர் அவர். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. சங்கராபரணத்துச் சுரங்கள்தான், ஆனால் அசைக்காமல் நேர் நேராகப் போகும். உளவுப் பட இசையை எடுக்க ஆசைப்படும் நாதஸ்வரத் தம்பிகள் முதலில் அதை ஒரு வாரம் வாசித்துவிட்டு, பிறகு ப த த த-வுக்கு வாருங்கள்.